மாமாவின் காரில் ஜீப் எஞ்சின்

நெய்வேலியில் என்னோடு வளர்ந்தவர்கள் ஏதாவது கல்யாணத்திலோ காரியத்திலோ சந்தித்துக்கொண்டால், பேச்சு எப்படியும் அந்தப் பச்சை வண்டியிடம் வந்து நிற்கிறது. "உங்க அப்பா ஜீப் எஞ்சின் வச்சு ஓட்டினாரே, இரண்டு சீட்டு வண்டி, அதன் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்குமே" என்று சிரிக்கிறீர்கள். அதன் பிறகு எல்லாரும் ஒரே மாதிரிதான் முடிக்கிறீர்கள். அப்பாவைப் போல் ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான், அம்மாவைப் போல் ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்று. நானும் இத்தனை வருஷம் தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் போயிருக்கிறேன். இப்போது இருவருமே இல்லை. தம்பிக்கு எதுவும் நினைவில்லை, அன்றைக்கு அவன் மிகச் சின்னவன். ஆகவே நடந்ததை நடந்தபடி உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வண்டி அம்மாவின் அண்ணனுடையது. மாமா மெட்ராஸில் இருந்தார். நாடு விட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து அதை வாங்கியிருந்தார். யுத்தத்துக்கு முந்திய பந்தய வண்டி. நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், பானெட்டின் மேல் குறுக்கே ஒரு தோல் வார். மெட்ராஸுக்கு வடக்கே பழைய விமானத் தளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கார்ப் பந்தயம் நடக்கும், அதில் மாமா அதை ஓட்டுவார். அம்மாவுக்கும் அதிலேயே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா விடியற்காலைகளில் கடற்கரைச் சாலையில் அதை ஓட்டிக்கொண்டு போவாளாம். இதைச் சொல்லும்போது அம்மாவின் இடது கால் தானாகத் தரையில் ஓர் அழுத்து அழுத்தும், கிளட்ச் மிதிக்கிற மாதிரி.

மாமா டைபாய்டில் போனார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சாகும்போது வண்டி தங்கைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாராம். காரியம் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு லாரியின் முதுகில் ஏறி அது எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து இறங்கியது.

அப்போது டவுன்ஷிப்பில் மரங்கள் நம் உயரம்கூட இல்லை, ஞாபகம் இருக்கிறதா? எல்லா ப்ளாக்கும் வெயிலில் அப்படியே வெந்து கிடக்கும். காலையில் வாசலில் போட்ட கோலம் மத்தியானத்துக்குள் செம்மண் நிறமாகிவிடும். சுரங்கத்தில் வெடி வைக்கும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அந்தச் செம்மண்ணில் அந்தக் கரும்பச்சை வண்டி வந்து நின்றபோது, தெருவில் இருந்த அத்தனை பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அம்மா மட்டும் பக்கத்தில் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா சுரங்கத்தில் எஞ்சினியர், இயந்திரப் பிரிவு. எங்கள் யாரையும் அவர் அடித்ததில்லை. அதுவரை அவர் குரலை உயர்த்திப் பேசியும் நான் கேட்டதில்லை. அவர் பேச்சு எப்போதும் பஞ்சு மாதிரி இருக்கும். அன்றைக்கு வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தின் முன்னால் அம்மாவிடம் சொன்னார்:

"உங்க அண்ணன் வண்டிக்கு நான் உயிர் குடுக்கறேன். ரெடியானதும் முதல்ல நீதான் ஓட்டணும். சரியா?"

எதிர்வீட்டு அத்தை அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியாம்மா? எந்த ஆம்பள இப்படிச் சொல்லுவான்? என் வூட்டுக்காரரு சைக்கிளத் தொட்டாலே மொறைப்பாரு."

அம்மா சிரித்தாள். அவள் அதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பாவுக்கு உதவியாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஃபிட்டர் வருவார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் அப்பாவின் கீழே வேலை. இன்னும் பெர்மனென்ட் ஆகாதவர், அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் கூப்பிட்டால் வந்தார். முதல் நாள் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவர் அப்பாவிடம் பேசியது, மாவு சலித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"பேரிங்குதாங்க ஐயா போயிருக்குது. வேற ஒண்ணும் இல்லீங்க. பண்ருட்டில கடைசல் பட்டறையில குடுத்தா பண்ணிக் குடுத்துருவாங்க. சூப்பரா ஓடும்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க ஜீப்பு எஞ்சினு? அது வேற கம்பெனி, இது வேற கம்பெனி. ஒரு போல்ட்டுகூட ஒண்ணுல ஒண்ணு ஏறாதுங்களே."

"இது அவன் எஞ்சின்பா. இது ஓட ஓட இந்த வீட்ல அவன் பேச்சுதான் ஓடும்."

அம்மாவின் கையில் சல்லடை அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் ஆடியது. மாவைச் சலித்து முடித்து, டப்பாவில் கொட்டி, மூடியை இறுக்கி மூடினாள்.

சுரங்கத்துப் பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் கழித்திருந்தார்கள். அதன் எஞ்சினை அப்பா எடுத்து வந்தார். சவுக்குக் கழிகள் மூன்றை முக்காலி மாதிரி நட்டு, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார்கள். மாமாவின் எஞ்சின் முதலில் மேலே வந்தது. எண்ணெய் சொட்டச் சொட்ட அது காற்றில் மெதுவாகச் சுற்றியபோது அப்பா உள்ளே குரல் கொடுத்தார்.

"இங்க வாயேன். உங்க அண்ணன் எஞ்சினை இறக்கறோம். பாக்க வேணாமா?"

அம்மா காபி டம்ளர்களோடு வந்தாள். பார்த்தாள். ஃபிட்டர் தலை குனிந்துகொண்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். எதை அறுத்தாலும், எதைக் கழற்றினாலும் அம்மா வந்து பார்க்க வேண்டும். கியர்த் தண்டின் தலையில் ரோஸ்வுட் குமிழ் ஒன்று இருந்தது, மாமாவின் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. ஜீப்பின் தண்டில் அது ஏறவில்லை. அம்மா, "அதை நான் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். அவள் கேட்ட ஒரே பொருள் அது. அப்பா அதைத் துணியில் நன்றாகத் துடைத்தார். துடைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, "இந்தாடா பந்து" என்று கொடுத்தார். தம்பி அதை உருட்டி விளையாடி, ஒரு வாரத்தில் சுரங்கத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தான். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கித் துழாவியதைப் பார்த்தவர்கள், பிள்ளையின் பந்துக்காக இப்படியா என்று பேசிக்கொண்டார்கள்.

மாமாவின் எஞ்சின் கொல்லையில் சாக்கின் மேல் கிடந்தது. பண்ருட்டியிலிருந்து பழைய இரும்பு வாங்குகிறவன் வந்தான். முழுதாகத் தூக்க முடியாது, உடைத்துத்தான் எடுத்துப் போவேன் என்றான்.

"உடைக்கட்டும். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கோ" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "உனக்கு வேண்டியது ஏதாவது இருந்தா எடுத்துக்கோ."

வார்ப்பிரும்பு உடைகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? முதலில் மணி மாதிரிதான் கேட்கும். சம்மட்டி விழ விழ அந்த நாதம் கெட்டுக்கொண்டே வந்து, கடைசியில் பானை உடைகிற சத்தமாகிவிடும். உடைந்த இடம் உள்ளே சாம்பல் நிறத்தில், சர்க்கரை மாதிரி மினுமினுக்கும். அம்மா வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். இரும்புக்காரன் பாவப்பட்டு, "நீங்க நெழல்ல போய் நில்லுங்கம்மா, சில்லு தெறிக்கும்" என்றான். அவள் நகரவில்லை. அப்பா நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஜீப் எஞ்சின் பெரியது. அதை உட்கார வைக்க இடம் போதவில்லை. கோண இரும்பை வெட்டி, வெல்டு வைத்து, புதுத் தாங்கிகள் செய்தார்கள். அப்படியும் பின்பக்கம் இடித்தது. ஓட்டுகிறவரின் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கெட்டியான இரும்புத் தகட்டுச் சுவர் ஒன்று இருந்தது. அப்பா அதை அறுத்து எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் டின்னை விரித்து அந்த இடத்தில் வைத்து அடைத்தார். எஞ்சினின் பின்பாகம் ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பானெட் மூடவில்லை, அதில் ஓட்டை போட்டு மேலே ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்தார். வண்டியின் மூக்கு தரையைப் பார்த்துத் தொங்கியது.

அம்மா ஒரே ஒருமுறை வாய் திறந்தாள். "பிரேக்கு பழைய கம்பி பிரேக்குதானே? இந்த எடைக்கு நிக்குமா?"

"உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தானா?" என்று அப்பா கனிவாகக் கேட்டார்.

வண்டி தயாரான ஞாயிற்றுக்கிழமை உங்களில் சிலர்கூட அங்கே இருந்தீர்கள். ப்ளாக் முழுக்க வாசலில் நின்றது. பெரிய ஆபீசர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து பிடித்து, ராணியை வரவேற்கிற மாதிரி குனிந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா அன்றைக்குத் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். அவள் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். காலை நீட்டினாள்.

கால் எட்டவில்லை.

அவள் சீட்டுக்கு அடியில் கை விட்டுத் தடவினாள். சீட்டை முன்னால் இழுக்கிற கொக்கி அங்கேதான் இருக்கும். அப்பா கதவின்மேல் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அடடா, சீட்டு ஆடிக்கிட்டே இருந்துச்சுன்னு வெல்டு வச்சுட்டேனே. என் உயரத்துக்கு."

முதலில் ஆபீசரின் மனைவி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, கிட்டத்தட்ட நின்றுகொண்டே கிளட்சை மிதிக்கப் பார்த்தாள். தாழ்ந்த ஸ்டியரிங் வயிற்றில் இடித்தது. சிரிப்பு அதிகமாயிற்று. அம்மாவும் சேர்ந்து சிரித்தபடி இறங்கினாள். எதிர்வீட்டு அத்தை, "பாவம் மனுசன், இவளுக்காக எத்தினி ஞாயித்துக்கெழம ஒழைச்சாரு! குடுத்து வைக்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா ஏறி ஓட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு சுற்று. ஒருநாள் பண்ருட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, முத்தாண்டிக்குப்பத்துத் திருப்பத்தில் பலாப்பழம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் நிற்கவில்லை. மாட்டுக்காரன்மேல் ஏற்றாமல் ஒடித்து முந்திரி மரத்தில் மோதினார். எஞ்சின் தகரத்தைக் கிழித்துக்கொண்டு அவருடைய இடது காலின்மேல் வந்து உட்கார்ந்தது. அந்த ஊர்க்காரர் என்பதால் நம் ஃபிட்டரையே கூட்டி வந்திருக்கிறார்கள். தான் வெல்டு வைத்த தாங்கிகளைத் தானே அறுத்து அவர் அப்பாவை வெளியே எடுத்தார். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்பா அங்கே பல மாதம் இருந்தார். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கூட இருந்து பார்த்துக்கொண்டாள். எங்கள் பள்ளிக்கூடத்துக்காக அம்மா டவுன்ஷிப்பிலேயே இருந்து, அவ்வப்போது போய் வந்துகொண்டிருந்தாள். நொறுங்கிய வண்டியைக் கொல்லையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். எடைக்குப் போட்டுவிடச் சொல்லி அப்பா சொல்லி அனுப்பினார். அம்மா ஃபிட்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"வேணாம்ங்கம்மா" என்றார் அவர். "ஐயா கால வாங்கின வண்டி. பாத்துக்கினு நிக்கவே எனக்குக் கொல நடுங்குது."

"எஞ்சின் நல்லாத்தானே இருக்கு?"

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லீங்க."

"அப்போ அதே எஞ்சின் இருக்கட்டும். கொஞ்சம் முன்னால தள்ளி வைங்க, மூக்கு நீளமானா ஆகட்டும். நடுவுல கனமான பிளேட்டு வைங்க. சீட்டை அறுத்து என் காலுக்கு எட்டற மாதிரி போடுங்க. பிரேக்கு கம்பி வேண்டாம், லாரிக்குப் போடற மாதிரி ஆயில் பிரேக்கு. நாலு சக்கரத்துக்கும்."

ஃபிட்டர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். வேலை முடிகிற அன்று அம்மா அவரிடமும் என்னிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னாள்: "பிரேக்கு மாத்தினதை ஐயாகிட்ட சொல்ல வேண்டாம்." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவுக்கு ஏதோ ஆச்சரியம் வைத்திருக்கிறாள், நல்ல நாள் பார்த்துச் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

அப்பா ஊன்றுகோலோடு வந்து டாக்ஸியிலிருந்து இறங்கியபோது வண்டி வாசலில் நின்றது. கழுவித் துடைத்து, முன்னைவிட அசிங்கமாக, முன்னைவிட நீளமாக. அப்பா அதைப் பார்த்துவிட்டு வாசற்படியில் ஏறாமல் நின்றார்.

"எடைக்குப் போடச் சொன்னேனே."

"எங்க அண்ணன் வண்டியாச்சே" என்றாள் அம்மா. அவள் குரலும் பஞ்சு மாதிரி இருந்தது.

அவளைப் போல் யாராலும் புருஷனைப் பார்த்துக்கொள்ள முடியாது, அது உண்மை. புண்ணைக் கழுவுவாள், மருந்து வைப்பாள், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கொத்சு செய்வாள். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கம்பக்கத்து ஆண்கள் பால் வாங்கிக்கொண்டு திரும்புகிற நேரமாகப் பார்த்து, வாசலுக்கு வந்து சத்தமாகச் சொன்னாள்:

"பாவம், உள்ளேயே அடைஞ்சு கிடக்கறாரு. காத்தாட ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வரேன். கொஞ்சம் கை குடுத்துத் தூக்கி உட்கார வைக்கறீங்களா?"

அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். அப்பாவால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. பயமாக இருக்கிறது என்று அந்த ஆண்களிடம் சொல்லக்கூடியவர் இல்லை அவர். உட்கார வைத்த பிறகு மெதுவாகக் கேட்டார்:

"பிரேக்கு?"

"அதேதான்" என்றாள் அம்மா.

நான் சீட்டுகளுக்குப் பின்னால் இருந்த சாமான் வைக்கிற இடுக்கில் உட்கார்ந்திருந்தேன். இப்போது சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

டவுன்ஷிப்பைத் தாண்டும் வரை அம்மா நிதானமாக ஓட்டினாள். பண்ருட்டி ரோட்டில் ஏறியதும் கியரை மாற்றினாள். அம்மா அப்படி ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, இரண்டு கையும் தளர்வாக, கண் ரோட்டின் கடைசியில் இருந்தது. காற்றில் என் கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. முந்திரித் தோப்புகள் இரண்டு பக்கமும் ஒரே பச்சைக் கோடாயின. அந்தத் திருப்பம் வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

"பிரேக்கைப் போடுடி" என்றார் அப்பா. பிறகு கத்தினார். "அடியே, பிரேக்கு! பிரேக்கு!" அவருடைய இல்லாத கால் எதையோ மிதிப்பதுபோல் மடித்துச் செருகிய வேட்டி துடித்தது. அந்த மரம் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது என்று தோன்றிய கடைசி நொடியில் அம்மா மிதித்தாள். வண்டி குனிந்து, வேகம் அடங்கி, அழகாகத் திரும்பியது.

அம்மா அவர் பக்கம் பார்க்கவே இல்லை. கொஞ்ச தூரம் போய்த் திருப்பி, அதே திருப்பத்துக்கு மறுபடியும் வந்தாள்.

வாசலில் இறக்கிவிட வந்தவர்கள் அப்பாவின் சட்டை வேர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்து, "வெயில் பட்டா உடம்புக்கு நல்லதுதான்" என்றார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் போனோம். சனிக்கிழமை ராத்திரி அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, காய்ச்சல் இருக்கிற மாதிரி இருக்கிறதா தொட்டுப் பார் என்றார். நெற்றி சில்லென்றிருந்தது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "காத்துப் பட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். எதிர்வீட்டு அத்தை தன் மருமகளைக் கூட்டிவந்து அம்மாவைக் காட்டி, "பாத்துக்க, இவங்கதான் பொண்ணு" என்றாள்.

மழைக்காலம் போய், பனி விழத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரோடு ஓரத்துப் பனைகள் பாதி மறைந்திருந்தன. திருப்பம் வந்தபோது நான் வழக்கம்போல் காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அப்பா ஒரு கையை மட்டும் வண்டியின் விளிம்பில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் எஞ்சினியர். வண்டி நிற்கிற விதத்திலிருந்து பிரேக் எதுவென்று அவர் எப்போதோ கண்டுபிடித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அல்லது பயப்பட்டுப் பயப்பட்டு அது தீர்ந்துபோயிருக்கலாம். திருப்பம் தாண்டியதும் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்து, "உங்க அண்ணன் நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கான்" என்றார். அந்த வீட்டில் மாமாவைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை.

அம்மா வண்டியை மெதுவாக்கினாள். ரோட்டோரம் நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பா தானே எழுந்து, தானே சவரம் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலை ஊன்றி வாசலுக்கு வந்து, வண்டியின் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"உங்கம்மா இன்னும் வரலையா?"

உள்ளே போனேன். அம்மா உரலில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னைக்கு வெயில் ஏறிடுச்சு, வேணாம்னு சொல்லு."

திரும்பி வந்து சொன்னேன். வெளியே எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாத அளவுக்குப் பனி. அப்பா சரியென்று தலையசைத்தார். அந்த ஞாயிறு மட்டுமல்ல, அந்தப் பனி முடிந்து கோடை வரும் வரை வந்த ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையிலும் அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தார்.